கொல்லிமலை ஏறும் வண்டிக்கு ஸ்பிரிங் பிளேட் ஏன் உடைகிறது?

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் போகிறவர்களுக்கு அது ஸ்டேட்டஸ் போடும் விஷயம். தினமும் ஏறி இறங்குகிற பஸ், லாரிக்கு அப்படி இல்லை.

ஒவ்வொரு வளைவிலும் எடை ஒரு பக்கம் சாயும். அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கும், மறுபக்கம் தளரும். அடுத்த வளைவில் பெரும்பாலும் தலைகீழ். நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினால் 280 வளைவு. வருஷத்தில் 300 நாள் ஓடினால் 84,000. குண்டு குழி கணக்கு தனி.

ஸ்பிரிங்கைக் கொல்வது பெரும்பாலும் இந்த அசைவுதான். துப்பாக்கி மேகசினைத் தோட்டாவோடு வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்று சொல்வார்கள். சரியாகச் செய்த ஸ்பிரிங், அளவுக்குள் அமுங்கிக் கிடந்தால் பெரிதாகத் தளராது. நிரப்பி, காலி செய்து, மறுபடி நிரப்புவதில்தான் அதிகம் சோர்கிறது.

19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகளை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார். ஒரே அடியில் உடைக்கத் தேவைப்படுவதைவிட ரொம்பக் குறைந்த விசையே, லட்சக்கணக்கான தடவை வந்தால் இரும்பை முறித்துவிடும். 'உலோகச் சோர்வு' என்பது இதுதான்.

விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில் தொடங்கும்: ஒரு கீறல், துருப் புள்ளி, நடு போல்ட் துளை. அதனால்தான் தொழிற்சாலையில் பிளேட் மீது சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக அடித்து, மேல்தோலை இறுக்கி அனுப்புகிறார்கள். மலை மழையில் துரு பிடித்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு. உடைந்த பிளேட்டைப் பார்த்தாலே கதை தெரியும். வழவழப்பாக, அலை அலையாக, சில நேரம் துருவேறியும் இருக்கும் பகுதி, விரிசல் மெல்ல வளர்ந்த இடம். சொரசொரப்பாகப் பளிச்சென்று இருப்பது, கடைசியில் 'டப்'பென்று முறிந்த இடம்.

ஓவர்லோடு இதில் எண்ணெய் ஊற்றுகிறது. சுமை 10 சதவீதம் கூடினால் ஆயுள் அதைவிடப் பல மடங்கு குறையும்.

உள் பிளேட் ஒன்று போனால் வண்டி எப்படியோ ஊர் வந்து சேரும். மெயின் பிளேட் அப்படியில்லை. அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதே அதுதான். முன்பக்கம் அது முறிந்தால் அச்சு நகரும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். பள்ளத்தை ஒட்டிய வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முறிந்த பிளேட்டை வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து. அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டு, பக்கத்திலேயே மறுபடி முறியும். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலோ, பிளேட்டின் குறுக்கே மெல்லிய துருக்கோடு தெரிந்தாலோ, மலை ஏறும் முன்பே மாற்றிவிட வேண்டும்.