திரும்பி வந்த பார்வை

ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் பார்வை மறைந்து, சில நிமிடங்களில் தானாகத் தெளிந்துவிட்டால், பலர் நிம்மதியாக வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நிம்மதிதான் ஆபத்து. வலியில்லை, சிவப்பில்லை, காரணம் பெரும்பாலும் கண்ணிலேயே இல்லை. கழுத்திலுள்ள கரோட்டிட் தமனியில் படிந்த கொழுப்பிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து விழித்திரையின் ரத்தக்குழாயை அடைக்கிறது. அது கரைந்தோ நகர்ந்தோ போனதும் பார்வை மீள்கிறது. பார்வை மறைந்திருந்த நேரத்திலேயே ஒருவரின் கண்ணுக்குள் பார்த்து, வெண்துணுக்குகள் குழாய்களில் மெல்ல நகர்வதை 1959இல் பதிவு செய்தார் நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர். அதே தமனிதான் மூளைக்கும் ரத்தம் கொண்டுபோகிறது. அடுத்த துணுக்கு எந்தக் கிளைக்குத் திரும்பும் என்று யாரால் சொல்ல முடியும்?

எல்லாமே பக்கவாதத்தின் முன்னறிவிப்பா என்று கேட்கலாம். இல்லைதான். ஒற்றைத் தலைவலியாலும் இப்படி நேரும். இருட்டில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கண் தலையணையில் புதைந்திருக்க மறு கண்ணால் செல்போன் பார்த்தவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது, அதில் தீங்கில்லை. ஆனால் 50 வயது கடந்தவருக்குத் தலைவலியும் மெல்லும்போது தாடைவலியும் சேர்ந்தால் அது தமனி அழற்சியாக இருக்கலாம். ஸ்டீராய்டு தாமதமானால் பார்வை நிரந்தரமாகவே போய்விடக்கூடும். இவற்றைப் பிரித்தறிவது வீட்டில் நடக்கிற காரியமல்ல. பார்வை திரும்பிய பிறகு மருத்துவமனை எதற்கு என்பவர்களுக்கு 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு பதில் சொல்கிறது: இத்தகைய பார்வை மறைப்போ, மூளையில் தற்காலிக அடைப்போ, லேசான பக்கவாதமோ கண்டு, கரோட்டிட் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தவர்களில், இரண்டு ஆண்டுகளில் அந்தத் தமனியின் பக்கத்து மூளையில் பக்கவாதம் வரும் வாய்ப்பு மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 26 சதவீதம், அறுவை சிகிச்சையும் பெற்றவர்களுக்கு 9. ஆகவே கண்ணாடிக் கடைக்கல்ல, அன்றைக்கே பக்கவாத சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்து டாப்ளர், இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கே தொடங்கும்.