காரில் சைக்கிள் ஏற்றப் போகிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலை. ஒரு காரின் பின்னால் 2 சைக்கிள்கள் தொங்குகின்றன. அதை ஒட்டி, மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, குழந்தை.

கட்டு அவிழ்ந்தால் என்ன ஆகும்? அடிபடுவது கார்க்காரர் அல்ல. பின்னால் வருகிறவர்கள்தான்!

ஆகவே, கேரியர் வாங்குமுன் யோசியுங்கள்.

மேல் கேரியர்

சைக்கிள் காரின் கூரை மீது நிமிர்ந்து நிற்கும். விளக்கு எதையும் மறைக்காது. நெரிசலுக்கு நல்லது. ஆனால் 1½ மீட்டர் உயரக் கார், சைக்கிளோடு சுமார் 2½ மீட்டர் ஆகிவிடும். மறந்துபோய் அடித்தளக் கார் நிறுத்தத்தில் நுழைந்தால், சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு! உயரத்தை எழுதி, ஓட்டுகிறவர் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள்.

பின் கேரியர்

பட்டைகளால் டிக்கியில் மாட்டுவது. சைக்கிளை ஏற்றுவது எளிது. ஆனால் நம்பர் பிளேட்டும் பிரேக் விளக்கும் மறையக் கூடாது. சைக்கிள் டயர் சைலன்சர் அருகே இருந்தால், சூட்டில் கெட்டுவிடும். சக்கரம் காரின் பக்கவாட்டில் நீட்டினால், ஒதுங்கிவரும் ஸ்கூட்டர்காரர் மீது இடிக்கும்.

எடை எவ்வளவு?

சைக்கிள் ஒன்று 15 கிலோ என்றால், இரண்டு 30 கிலோ. கேரியரின் எடையும் சேரும். கூரை தாங்கும் எடை காரோடு தந்த புத்தகத்தில் இருக்கும். அதைப் பார்த்த பிறகே வாங்குங்கள். கடையிலேயே உங்கள் காரில் மாட்டிப் பாருங்கள்.

புறப்பட்டுச் சிறிது தூரம் போனதும் நிறுத்துங்கள். கட்டுகளை இழுத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுக்குங்கள்.

ஒரு நிமிட வேலைதான். பின்னால் வரும் குழந்தை பத்திரமாக வீடு போய்ச் சேரும்!