இரண்டு வீடு, மூன்று கல்யாணம்

விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரத்துக்கு மேற்கே, ஜெஃபர்சன் மாவட்டத்தில் கான்கார்ட் என்றொரு சிற்றூர். அங்கே இங்கல்ஸ், குவைனர் என்று இரண்டு விவசாயக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தன. 1859 பிப்ரவரியில் ஹென்றி குவைனர், போலி இங்கல்ஸைக் கைப்பிடித்தார். ஓராண்டு கழித்து, 1860 பிப்ரவரி 1-ஆம் தேதி, ஹென்றியின் தங்கை கரோலினைப் போலியின் அண்ணன் சார்லஸ் மணந்தார். 1861 ஜூனில் கரோலினின் தங்கை எலைசாவுக்கும் சார்லஸின் அண்ணன் பீட்டருக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டரை ஆண்டுக்குள் ஒரே இரண்டு வீடுகளுக்கிடையே மூன்று சம்பந்தம்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. கரோலினுக்கு எலைசா தங்கையும் ஆனார், ஓரகத்தியும் ஆனார். சார்லஸுக்கு ஹென்றி மனைவியின் அண்ணன். தங்கையின் கணவரும் அவரே. அடுத்த தலைமுறையில், பீட்டர் வீட்டுப் பிள்ளைகள் சார்லஸ் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரியப்பா பிள்ளைகள். சித்தி பிள்ளைகளும் அவர்களே. இரு தரப்புக்கும் தாத்தா பாட்டி நால்வரும் ஒன்றுதான்.

சார்லஸ்–கரோலின் தம்பதியின் இரண்டாவது மகள் லாரா. 1867 பிப்ரவரி 7-ஆம் தேதி விஸ்கான்சினின் பெப்பின் ஊருக்கருகே பிறந்தவர். லாரா இங்கல்ஸ் வைல்டர் என்ற பெயரில் 65-ஆம் வயதில் முதல் புத்தகத்தை வெளியிட்டு, உலகமெங்கும் பிள்ளைகள் படிக்கும் 'லிட்டில் ஹவுஸ்' வரிசையை எழுதியவர். அந்தப் புகழால் இந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு காகிதத்தையும் ஆய்வாளர்கள் தேடி எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் வாழ்ந்த ஒரு சாதாரண உழவர் குடும்பத்தின் வம்சாவளியை எப்படித் தேடுவது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல குடும்பம் கிடைக்காது.

வம்சாவளி தேடுகிறவர்கள் முதலில் செய்வது, குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு அப்பா, தாத்தா, பூட்டன் என்று மேலே ஏறுவது. இங்கல்ஸ் குடும்பத்தில் அந்த ஏணி நீளமானது. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலிருந்து கப்பலேறி மாசசூசெட்ஸின் லின் ஊரில் குடியேறிய எட்மண்ட் இங்கல்ஸ் வரை அது போகிறது. 1692-இல் சேலம் சூனிய வழக்கில் தூக்கிலிடப்பட்ட மார்த்தா கேரியர் அந்த எட்மண்டின் பேத்தி. டெலனோ குடும்பத்து இரத்தமும் கலந்திருப்பதால் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் தூரத்துச் சொந்தமாகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லாராவின் அப்பா ஏன் கான்சஸுக்குப் போனார், திரும்பி வந்தபோது யார் வீட்டில் தங்கினார், யாரோடு சேர்ந்து நிலம் வாங்கினார் என்ற கேள்விகளுக்கு இந்த ஏணியில் எந்தப் படியிலும் பதில் இல்லை. பதில் பக்கவாட்டில் இருக்கிறது: மைத்துனன், ஓரகத்தி, நாத்தனார், சித்தி.

நிலப் பத்திரங்களைப் பாருங்கள். 1863 செப்டம்பரில் பெப்பின் அருகே 160 ஏக்கர் காட்டு நிலம் 335 டாலருக்குக் கிரயமாகிறது. வாங்கியவர்கள் இருவர்: சார்லஸ் இங்கல்ஸ், ஹென்றி குவைனர். ஆளுக்குப் பாதி. 1868-இல் மிசௌரி மாநிலத்தின் சாரிட்டன் மாவட்டத்தில் நிலம் வாங்கும்போதும் இதே மைத்துனன்மார் ஜோடிதான். 1874-இல் பெப்பினை விட்டு மேற்கே கிளம்பியபோது, உறைந்துபோன பெப்பின் ஏரியின் மீது வண்டியை ஓட்டிக் கடந்தார்கள். உடன் சென்றது பீட்டர்–எலைசா குடும்பம். கான்கார்டில் நடந்த மூன்று கல்யாணங்கள் தெரியாதவர்களுக்கு இந்தப் பத்திரங்களில் இரண்டு அந்நியப் பெயர்கள்தான் தெரியும். தெரிந்தவர்களுக்கு ஒரு குடும்பமே குடிபெயர்வது தெரியும்.

பெண்ணின் பெயர் எங்கே போனது?

இந்தத் தேடலில் அதிகம் தொலைந்துபோகிறவர்கள் பெண்கள். கரோலினின் அம்மா ஷார்லட்டையே எடுத்துக்கொள்ளலாம். டக்கர் வீட்டில் பிறந்து குவைனர் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். 1845-இல் கணவர் (மகனைப் போலவே அவர் பெயரும் ஹென்றி குவைனர்தான்) மிச்சிகன் ஏரியில் கப்பல் விபத்தில் இறந்தார். அப்போது கரோலினுக்கு ஐந்து வயது. கைக்குழந்தைகளோடு நின்ற ஷார்லட், கான்கார்டில் நிலம் வாங்கிக் குடியேறி, 1849-இல் ஃபிரடெரிக் ஹோல்ப்ரூக் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். ஆக, ஒரே பெண் மூன்று குடும்பப் பெயர்களில் வாழ்ந்திருக்கிறார். மறுமணத்துக்குப் பிந்தைய ஏடுகளில் 'ஷார்லட் குவைனர்' என்று தேடினால் அவர் எங்கேயும் இல்லை. பிறந்த வீட்டுப் பெயர், இரண்டு புகுந்த வீட்டுப் பெயர்கள், மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு தேடினால்தான் அகப்படுவார்.

அரசாங்க ஏடுகளின் அமைப்பும் இதற்குத் துணைபோனது. 1850-க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும் எழுதுவார்கள்; மனைவியும் பிள்ளைகளும் வெறும் எண்ணிக்கை. 1850-இல்தான் அடிமைகள் அல்லாத எல்லாருடைய பெயரும் ஏடேறியது. அப்போதும் யார் யாருக்கு என்ன உறவு என்ற கட்டம் கிடையாது. அது 1880-இல் வந்தது. 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் நாசமாகிவிட்டது. மத்திய மேற்கில் குடியேற்றம் மும்முரமாக நடந்த காலம் அது. 1880-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட இருபதாண்டு இடைவெளியில் கல்யாணமானவர்கள், இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள் எத்தனையோ பேரை மாவட்ட அலுவலகத்துக் கல்யாணப் பதிவு, மாதா கோயில் ஏடு, கல்லறைக் கல், குடும்ப பைபிளின் நடுப்பக்கம் ஆகியவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிகிறது.

டோசியா அத்தையின் கதை இதற்கு நல்ல உதாரணம். சார்லஸின் தங்கை. லாராவின் புத்தகத்தில் அவர் கணவர் மனைவியை இழந்தவராகவும், லீனா, ஜீன் என்ற பிள்ளைகள் அந்தக் கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைகளாகவும் வருகிறார்கள். பதிவுகள் சொல்வது வேறு. பிள்ளைகள் டோசியாவுக்கே பிறந்தவர்கள், முதல் கணவர் வால்ட்வோகல் மூலம். அவரை விவாகரத்து செய்துவிட்டுத்தான் ஹைராம் ஃபோர்ப்ஸை மணந்தார். குழந்தைகளுக்கான புத்தகத்தில் விவாகரத்து வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் பெற்ற தாய் மாற்றாந்தாய் ஆகிவிட்டார். குடும்பத்தார் சொல்லும் கதைக்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் பதிவோடு ஒப்பிடாமல் வம்ச மரத்தில் ஏற்றக் கூடாது.

புத்தகங்களில் இடம்பெறாமலே போன ஒரு பிள்ளையும் உண்டு. 1875 நவம்பர் 1-ஆம் தேதி பிறந்த சார்லஸ் ஃபிரடெரிக். நாலு பெண்களுக்கு ஒரே சகோதரன். 1876 ஆகஸ்டில், தென் மின்னசோட்டாவில் பீட்டர்–எலைசா பண்ணையில் குடும்பம் தங்கியிருந்தபோது, பத்து மாதம்கூட நிரம்பாத நிலையில் இறந்துபோனான். அதற்குப் பின் அயோவாவின் பர் ஓக் ஊருக்குப் போனார்கள். கடைசி மகள் கிரேஸ் அங்கேதான் 1877-இல் பிறந்தார். அந்த அயோவா வாழ்க்கையையும் புத்தகங்கள் தாண்டிவிடுகின்றன.

கான்சஸில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்த விதம்

தேடலின் நுணுக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் கான்சஸுக்குப் போக வேண்டும். லாராவின் மிகப் புகழ்பெற்ற புத்தகத்தில் வீடு இன்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து 40 மைல் தொலைவில் இருப்பதாக வருகிறது. அங்கிருந்தபோது அவர் மூன்று வயதுக் குழந்தை. பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான் ஆதாரம். அந்தக் கணக்குப்படி தேடினால் இன்றைய ஓக்லஹோமாவுக்குள் போய்விடுவோம். பல ஆண்டு அப்படித்தான் குழம்பினார்கள்.

முடிச்சை அவிழ்த்தது குடும்ப பைபிள். மூன்றாவது மகள் கேரி 1870 ஆகஸ்ட் 3-ஆம் தேதி கான்சஸ் மாநிலம் மான்ட்கோமெரி மாவட்டத்தில் பிறந்ததாக அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை வைத்து அந்த மாவட்டத்தின் 1870 கணக்கெடுப்பைப் புரட்டினார்கள். ரட்லண்ட் வட்டாரத்து ஏட்டில் குடும்பம் இருந்தது. பின்பு அக்கம்பக்கத்து நிலங்களுக்கெல்லாம் யார் உரிமையாளர் என்று பத்திரங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். எந்த மனையில் யார் பெயரும் பொருந்தவில்லையோ அது இங்கல்ஸ் இருந்த இடம். நகரத்திலிருந்து சுமார் 13 மைல்தான்.

அந்த ஏட்டில் அண்டை வீட்டுக்காரராக ஜார்ஜ் டேன் என்ற கறுப்பின மருத்துவரின் பெயரும் இருக்கிறது. மலேரியாவில் குடும்பமே படுத்துக் கிடந்தபோது வந்து காப்பாற்றியதாக லாரா எழுதிய டாக்டர் டேன் இவர்தான். நிலமதிப்பைக் குறிக்கும் கட்டம் மட்டும் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் காலி. காரணம், அந்த மண் ஓசேஜ் பழங்குடியினருடையது. குடியேறியவர் யாருக்கும் பட்டா கிடையாது. குடியேறிகளின் உழைப்பைப் போற்றுகிறவர்கள் இந்தக் காலிக் கட்டத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு குடும்பம் வேர்விட வந்த இடம் இன்னொரு மக்களை வேரோடு பெயர்த்த இடம்.

1862-இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டக் கோப்புகளும் தேடுகிறவர்களுக்குப் பொக்கிஷம். ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்றது அந்தச் சட்டம். பட்டா பெறும்போது விண்ணப்பதாரரும் சாட்சிகளும் வீட்டின் அளவு, உழுத ஏக்கர், குடும்ப உறுப்பினர்கள் என்று எல்லாவற்றையும் வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. சார்லஸ் 1880 பிப்ரவரியில் டகோட்டாவின் டி ஸ்மெட் அருகே விண்ணப்பித்து 1886-இல் உரிமை பெற்றார். கணவரோடு வாழ்ந்த பெண்ணால் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியவில்லை. கல்யாணமாகாத பெண்ணால் முடிந்தது. லாராவின் நாத்தனார் எலைசா ஜேன் வைல்டர் அப்படி நிலம் கேட்டவர். அதனால் அவருக்கென்று தனிக் கோப்பு உண்டு. லாராவின் அம்மாவுக்கு இல்லை.

பக்கவாட்டில் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 1885 ஆகஸ்ட் 25-ஆம் தேதி லாரா, அல்மான்சோ வைல்டரை மணந்தார். கணவருக்கு உடல்நலம் கெட்டது, வறட்சி வந்தது, பிறந்த ஆண்குழந்தை பெயர் வைக்குமுன்பே போய்விட்டது. 1891-இல் இந்தத் தம்பதி மகள் ரோஸுடன் திடீரென்று ஃபுளோரிடாவின் வெஸ்ட்வில் என்ற சிற்றூருக்குப் போகிறார்கள். டகோட்டா விவசாயிக்கு ஃபுளோரிடாவில் என்ன வேலை? பீட்டர்–எலைசாவின் மகன் பீட்டர் அங்கே போய்க் குடியேறியிருந்தார் என்பதுதான் பதில். டி ஸ்மெட்டில் லாரா தம்பதியுடன் கூட்டாக ஆடு வளர்த்தவரும் அவரே. 1861-இல் விஸ்கான்சினில் நடந்த கல்யாணம் முப்பது ஆண்டு கழித்து ஒரு குடும்பத்தைத் தெற்கே இழுத்திருக்கிறது.

சார்லஸ்–கரோலினின் நேர் வாரிசுக் கோடு நின்றுவிட்டது. பார்வை இழந்த மூத்த மகள் மேரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேரி 1912-இல், 42 வயதை எட்டும் தறுவாயில், மனைவியை இழந்த டேவிட் ஸ்வான்ஸியை மணந்து அவருடைய இரு பிள்ளைகளை வளர்த்தார். தனக்கென்று குழந்தை இல்லை. கிரேஸ், நேதன் டௌவை 1901-இல் மணந்தார், அவருக்கும் இல்லை. லாராவின் ஒரே மகள் ரோஸ் வைல்டர் லேன் எழுத்தாளராகப் பெயர் பெற்றார். அவருக்குப் பிறந்த குழந்தை பிழைக்கவில்லை, மணவாழ்வும் விவாகரத்தில் முடிந்தது. 1968-இல் ரோஸ் இறந்தார். புத்தக உரிமை ரோஜர் மெக்பிரைட் என்பவருக்குப் போனது. ரோஸ் பேரனைப் போல நடத்திய வழக்கறிஞர். இரத்த உறவு எதுவும் இல்லை. சொத்துப் பத்திரத்தை மட்டும் பார்த்து மரம் வரைகிறவர்கள் இங்கே தவறிவிடுவார்கள்.

கிளைகள் மட்டும் பட்டுப்போகவில்லை. சாதாரணமாகப் பெரியப்பா, சித்தி பிள்ளைகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொள்வார்கள். இரு பக்கமும் உடன்பிறந்தோர் மணந்த வீட்டுப் பிள்ளைகள் கால் பங்கு பகிர்கிறார்கள்; தாய் வேறாகவோ தந்தை வேறாகவோ பிறந்த சகோதரர்களுக்கு உள்ள அளவு அது. இன்று எச்சிலைக் குப்பியில் நிரப்பி அனுப்பிப் பரிசோதனை செய்துகொள்ளும் அமெரிக்கர்களுக்கு, இப்படிப்பட்ட குடும்பங்களில் உறவு உண்மையைவிட நெருக்கமாகத் தெரிந்து குழப்பம் வருவது அதனால்தான். கல்யாணப் பதிவைப் பார்க்காமல் மரபணு எண்ணை மட்டும் நம்ப முடியாது.

எனவே, லாராவின் கொள்ளுப்பேரன் என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால் அது உண்மையல்ல. பீட்டர்–எலைசா வழி அல்லது ஹென்றி–போலி வழி என்று சொன்னால், உட்காரவைத்துப் பேசுங்கள். முதலில் அவருடைய பாட்டிமார் எந்த வீட்டில் பிறந்தவர்கள் என்று கேளுங்கள்.