கையொப்பமும் பொறுப்பும்

கச்சேரி என்ற சொல்லைக் கேட்டதும் சென்னையில் இருக்கும் அன்பருக்கு வீணையும் மிருதங்கமும் நினைவுக்கு வரும். நம் நாட்டில் அச்சொல் எழுப்பும் காட்சியே வேறு. நீண்ட விறாந்தை, வாங்குகளில் அமர்ந்திருக்கும் சனங்கள், நாடாவால் கட்டப்பட்ட கோவைகள், அவற்றுக்கெல்லாம் அப்பால் ஓர் அறையில் அரசாங்க அதிபர். காத்திருந்து தாளம் போடுவோர் இரண்டிடத்தும் உண்டு என்பது தவிர, இவ்விரு கச்சேரிகளுக்கும் ஒற்றுமை சொல்ல இயலாது.

இந்தக் கச்சேரியின் கதை, அன்றாட ஆட்சியைப் பிறரிடம் ஒப்படைத்த கதை. கொழும்பிலிருக்கும் தேசாதிபதி, யாழ்ப்பாணத்துக் குளத்தையும் அம்பாந்தோட்டை உப்பளத்தையும் தாமே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே தம் அதிகாரத்தில் ஒரு பங்கைப் பிரித்து ஓர் அதிபரிடம் கொடுத்தார். அதிபர் மணியகாரரிடமும், மணியகாரர் உடையாரிடமும், உடையார் விதானையாரிடமும் கொடுத்தனர். அரசு மட்டுமல்ல, சங்கம், பாடசாலை, வாசிகசாலை என்று நாலு பேர் கூடிச் செய்யும் எந்தக் காரியமும் இவ்வாறே நடைபெறுகிறது. வள்ளுவர் இதற்கென்றே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். வேலையை ஒருவனிடம் ஒப்புவிப்பதைச் சொல்ல வந்த இடத்தில் அவர் ஆளும் வினை ‘விடு’ என்பது. மாணாக்கருக்குக் குறள் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இந்தச் சிறு வினைச்சொல்லின்மேற் சற்று நின்று போகலாம். ஆளைத் தேர்ந்தபின் பிடியைத் தளர்த்த வேண்டும் என்ற பொருள் அதனுள்ளே கிடக்கிறது. தெளிந்தபின் ஐயுறுவது தீராத துன்பம் என்பதையும் அவரே முந்திய அதிகாரத்திற் சொல்லிவிட்டார்.

அலுவலக மொழியிற் சொன்னால், ஒப்படைப்பில் இரண்டு பொருள்கள் அடங்கியுள்ளன. ஒன்று கையொப்பம், அதாவது தீர்மானிக்கும் உரிமை. மற்றது பொறுப்பு, அதாவது தவறு நேர்ந்தாற் பதில் சொல்லும் கடமை. முன்னையதைக் கீழே விட்டுப் பின்னையதை மேலே வைத்துக்கொள்வதே முறை. நம் நாட்டு வரலாற்றை நோக்குமிடத்து, பெரும்பாலும் கையொப்பத்தை மேலே இறுகப் பற்றிக்கொண்டு பொறுப்பைக் கீழே தள்ளிவிடும் வழக்கமே வளர்ந்து வந்திருக்கக் காண்கிறேன்.

தொடக்கத்தில் அவ்வாறு இல்லாமைக்குத் தூரமே காரணம். பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவர் 1829 முதல் 1867இல் இறக்கும் வரை, இடையிற் சிறிது காலம் நீங்கலாக, யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபராக இருந்தார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்ததோ 1905இல். டைக்கின் ஒவ்வொரு தீர்மானத்திலும் கைவைக்கக் கொழும்புக்கு விருப்பம் இருந்திருந்தாலும் வழி இருக்கவில்லை. அவரை வடபகுதியின் இராசா என்று அழைத்தார்கள். அந்தப் பட்டத்தில் மரியாதையோடு சிறிது அச்சமும் கலந்திருந்திருக்கும்.

வழி இல்லாத அக்காலத்திலும் கணக்குக் கேட்கும் முறை இருந்தது. 1808இல் தேசாதிபதி மெயிற்லண்ட், மாகாண அதிகாரிகள் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்று பணித்தார். அன்றன்று எங்கே போனார், எதைப் பார்த்தார், என்ன தீர்த்தார் என்பன அதில் இருக்கும். பின்னர் அது மேலிடத்துக்குப் போகும். காரியம் முடிந்தபின் மேலிடம் வாசிக்கும்; முடியுமுன் தடுக்காது. இவ்வாறு எழுதப்பட்டவற்றுள் இலக்கிய அன்பர் அறிந்தவை லெனார்ட் வுல்ஃபின் குறிப்புகள். 1905 தொடக்கம் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பயின்று, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் அவர். பொறுப்பேற்றபோது அவருக்கு இருபத்தெட்டு வயது நிரம்பவில்லை. உப்புச் சேகரிப்பு, மாட்டு நோய், காணி வழக்கு எல்லாம் அந்த இளைஞரின் தலையில் விழுந்தன. வந்த கடிதத்துக்கு வந்த அன்றே பதில் போகவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இலிகிதர்களுக்கு அது பிடிக்கவில்லை. அன்றே பதில் எழுத முடிந்ததன் காரணம் சுறுசுறுப்பு மட்டுமன்று. தீர்மானிக்கும் உரிமை அவரிடமே இருந்தது. ‘மேலிடத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற வாக்கியம் அவருக்கு அவ்வளவாகத் தேவைப்பட்டிராது.

அந்நியர் ஆட்சியை நான் போற்றுவதாக எவரும் எண்ணவேண்டாம். டைக்கும் வுல்ஃபும் பதில் சொன்னது தேசாதிபதிக்கு, ஊராருக்கு அன்று. மக்களுக்குப் பதில் சொல்லும் ஆட்சி நம் நாட்டில் அரும்பியது 1931இல், டொனமூர் அரசியற்றிட்டத்தோடு. டொனமூர் ஆணைக்குழுவினர் 1927இன் பிற்பகுதியில் வந்து ஆராய்ந்தபோது கண்ட குறையே சிந்திக்கத்தக்கது. சட்டசபையிலிருந்த மக்கள் பிரதிநிதிகளிடம் அதிகாரம் இருந்தது; பொறுப்பு இல்லை. உத்தியோகத்தரிடம் பொறுப்பு இருந்தது, அதிகாரம் இல்லை. பிரதிநிதிகள் கேள்விகேட்டு மறிக்கலாம், ஆனால் நடத்தமுடியாது. அதிகாரிகள் நடத்தவேண்டும், ஆனால் வாக்கெடுப்பிற் தோற்பார்கள்.

இதற்கு அவர்கள் கண்ட மருந்து, இலண்டன் கவுண்டி சபையை ஓரளவு பின்பற்றியது. எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. 61 பேர் கொண்ட அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது: உள்நாட்டு அலுவல், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், கல்வி, போக்குவரத்தும் பொதுவேலையும், தொழிலும் கைத்தொழிலும் வர்த்தகமும். ஒவ்வொரு குழுவும் இரகசிய வாக்கினால் தன் தலைவரைத் தெரியும், அவரே அமைச்சர். தலைவர் தம் குழுவுக்குள்ளேயே தோற்கவுங்கூடும். திணைக்களத் தலைவர் குழுவின்முன் வந்து விளக்கம் சொல்லவேண்டும்.

குழு ஆட்சி தமிழருக்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919ஆம் 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று அன்றாடக் காரியங்களைப் பிரித்துக் கொடுத்த விதத்தை விரிவாகக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் ஆள் தெரிந்தார்கள். பதவி 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவனுடைய உறவினரும் ஓலை எழுதத் தகுதியற்றவர். இது கடுமையான விதி என்று சொல்வோருண்டு. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஏரியைத் தூர்வாரும் நாளையும் கூலியையும் வாரியம் தானே முடிவு செய்யும் என்று நம்பியதாலன்றோ, கணக்கை இவ்வளவு கண்டிப்பாகக் கேட்டார்கள்!

டொனமூர்க் குழுக்களுக்கு வருவோம். அவற்றின் நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. வடக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்த உறுப்பினர் ஆட்சி வேலையைக் கையால் தொட்டுப் பழகினர். முதலாம் அமைச்சர் அவையில் தொழில் அமைச்சராகப் பெரி சுந்தரம் இருந்தார். கன்னங்கராவின் கல்விக் குழு நெடுங்காலம் உழைத்ததன் பயனாக 1945இல் இலவசக் கல்வி வந்தது. இதை வாசிக்கும் ஆசிரியருட் பலர் அந்த மரத்தின் கனி உண்டவர்களே. ஆயினும் கொள்கை வகுக்கவேண்டிய குழுக்கள் நியமனத்திலும் இடமாற்றத்திலும் தெருத் திருத்தத்திலும் தலையிட்டுக்கொண்டிருந்தன. திணைக்களத் தலைவர் எழுத்தளவில் தலைவர். ஒரு சிற்றூழியரின் இடமாற்றத்துக்குங்கூட உறுப்பினரின் முகத்தைப் பார்க்கவேண்டியவர். அன்றியும், பணப்பெட்டி ஏழு குழுக்களிலும் இல்லை. நிதி, சட்டம், வெளிவிவகாரம் ஆகியன மூன்று ஆங்கிலேய அரச அதிகாரிகளிடம் இருந்தன. காரியத்தை ஒருவரிடமும் காசை இன்னொருவரிடமும் கொடுக்கும் ஏற்பாடு இது. 1936இல் குழுக்களின் அமைப்பைக் கணக்கிட்டு வாக்களித்ததால் ஏழு அமைச்சரும் சிங்களவராகவே அமைந்ததும் நாம் அறிந்த கதை. 1947இல் சோல்பரி அரசியற்றிட்டம் குழுக்களை நீக்கி, அமைச்சருக்குக் கீழே நிரந்தரக் காரியதரிசியை வைத்தது. குழுவோடு தலையீடும் போயிற்று என்று எண்ணியவர் ஏமாந்தனர். தலையிடும் பழக்கத்தை வளர்க்கப் பதினாறு ஆண்டுகள் போதுமாக இருந்தன.

பழக்கம் என்றேன், அஃது அரசியல்வாதிக்கு மட்டும் உரியதன்று. நான் கற்பித்த ஒரு பாடசாலையில் நூல்நிலையப் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்தார்கள், கைதட்டலும் கிடைத்தது. அலுமாரித் திறப்பு மட்டும் அதிபரின் மேசை லாச்சியில் இருந்தது. அதிபர் வெளியே போகும் நாட்களிற் பிள்ளைகள் கண்ணாடிக்கூடாகப் புத்தகங்களின் முதுகை வாசித்தார்கள். ஆண்டிறுதியில் மூன்று நூல்கள் குறைந்தபோது விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது எனக்கு.

கச்சேரியின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மணியகாரர்களின் இடத்துக்குக் காரியாதிகாரிகள் வந்தனர். 1963இல் விதானைமார் போய்க் கிராமசேவகர் வந்தனர். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம், அரசாங்க அதிபரின் கருமங்களிற் பெரும்பகுதியைப் பிரதேச செயலாளருக்கு மாற்றிற்று. இதுவரை நடந்த ஒப்படைப்புகளுள் சாதாரண மனிதனுக்கு மிகவும் பயன்பட்டது இதுவே என்பது என் எண்ணம். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் மிகப் பலர். மாவட்டக் கச்சேரிக்குப் போகவேண்டிய அலுவலெல்லாம் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகத்தோடு முடிவது, முழங்கால் நோவுள்ள ஒருவருக்கு எவ்வளவு பெரிய சீர்திருத்தம் என்பதை அரசறிவியல் நூல்கள் எழுதுவதில்லை.

ஆனால் இங்கும் கையொப்பம் பாதி வழியில் நின்றுவிட்டது. வதிவிடச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். கிராம உத்தியோகத்தர் தம் இடாப்பைப் பார்த்து, இன்னார் இன்ன விலாசத்தில் வசிக்கிறார் என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். அதன்மேற் பிரதேச செயலாளர் ஒப்பமிடவேண்டும். நம்மை அறிந்திருக்கக்கூடியவர் முன்னவர்; ஒருநாளும் கண்டிராதவர் பின்னவர். முன்னவர் எழுத்தை நம்பியே பின்னவர் ஒப்பமிடுகிறார். அப்படியாயின் அந்த இரண்டாவது கையொப்பம் எதைச் சரிபார்க்கிறது? ஆறு மாடி வீடுகள் நிறைந்த நம் ஒழுங்கைகளிற் கிராம உத்தியோகத்தருக்கும் எல்லாரையும் தெரியாது. அவர் மின்சாரப் பட்டியலைக் கேட்கிறார். ஆக, மின்சாரப் பட்டியலை ஓர் உத்தியோகத்தர் நம்ப, அவரை இன்னோர் உத்தியோகத்தர் நம்புகிறார். பொய் என்று பின்னர் தெரிந்தால் இருவரும் ஒருவரையொருவர் சுட்டலாம்.

மாகாண சபை விடயத்தில் இதே முடிச்சு பெரிதாக விழுந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தது என்கிறோம். அதே ஆண்டு வந்த மாகாண சபைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவைப் படியுங்கள். மாகாண உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை ஆகியன சனாதிபதி நியமிக்கும் ஆளுநரிடம் இருக்கின்றன. அவர் விரும்பின் அவற்றை மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவிடம் கையளிக்கலாம். பகிர்ந்தளித்தலும் கையளித்தலும் ஒன்றல்ல. கையளித்தவர் திரும்பப் பெறலாம். தேர்தலில் வென்ற முதலமைச்சர் பாடசாலைகளுக்குப் பதில் சொல்லவேண்டியவர். ஆசிரியரின் நியமனமோ இன்னோரிடத்தில் தங்கியிருக்கிறது. 1927இல் டொனமூர் ஆணைக்குழு கண்ட நோயும் இதுதானே? 2019 முடிவதற்குள் எல்லா மாகாண சபைகளின் ஆயுளும் தீர்ந்து, அதன்பின் ஆண்டுக்கணக்காக ஆளுநர்களே நிர்வகித்தபோது, இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு மாகாணங்களில் ஒரு முதலமைச்சரும் இருக்கவில்லை.

இவ்வளவும் வாசித்தவர், மேலிடம் எதையுமே விட்டுக்கொடுக்காது என்று முடிவுகட்டக்கூடும். அப்படியும் சொல்வதற்கில்லை. மிகப் பாரதூரமான ஓர் அதிகாரத்தை மிகக் கீழே விட்டதை வெள்ளவத்தை கண்ணாரக் கண்டது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளுக்குப் பொலிஸார் வந்தனர். அவ்விடுதிகளில் இருந்தவர் வடக்குக் கிழக்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்த தமிழர். கடவுச்சீட்டுக்காக, வைத்தியத்துக்காக, வெளிநாட்டு வேலைக்காக வந்து தங்கியவர். கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லாதவர் போகவேண்டும் என்றார்கள். சாமான் கட்ட அரைமணி நேரம். முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர்.

தக்க காரணம் எது என்று தீர்மானித்தவர் யார்? விடியற்காலையிற் கதவைத் தட்டிய பொலிஸ்காரர். ஓர் இலிகிதரின் இரண்டுநாள் லீவைத் தீர்மானிக்க மூன்று கையொப்பம் கேட்கும் அரசு, ஒரு தாய் தன் சொந்த நாட்டின் தலைநகரில் இருக்கலாமா என்பதை அவரிடம் விட்டுவிட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. பலர் திரும்ப அழைத்துவரப்பட்டனர். அதன்பின் மேலிடத்திலிருந்து வந்த குரல்களைச் சேர்த்துக் கேட்டவர் திகைத்தனர். பிரதமர் வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளரோ செய்தது சரியே என்று வாதிட்டார்.

அன்று பஸ்ஸில் ஏறியவர்களிடம் தேசிய அடையாள அட்டை இருந்தது. பெரும்பாலோரிடம் பொலிஸ் பதிவுத் துண்டும் இருந்தது. அவை ஒவ்வொன்றிலும் திகதியும் முத்திரையும் ஓர் அதிகாரியின் கையொப்பமும் ஒழுங்காகவே இடப்பட்டிருந்தன.