நிலைத்த இடமில்லாத ஆட்டக்காரர்

ஒரே கழகத்தில் பல்லாண்டுகள் ஆடிப் புகழ் ஈட்டிய கால்பந்தாட்ட வீரர்களை நாம் நன்கு அறிவோம். ஆனால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்டுக்கு ஒரு நாடாகச் சென்று, கிடைத்த சட்டையை அணிந்து ஆடும் வீரர்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. எங்கும் வேரூன்றாதவர் எதற்கும் உதவாதவர் என்று எளிதில் தீர்ப்பிட்டு விடுகிறோம். அத்தீர்ப்பு சரிதானா என்று ஆராய, செபாஸ்தியான் அப்ரேயுவின் வாழ்க்கை நமக்குத் துணை செய்யும்.

தென் அமெரிக்காவிலுள்ள உருகுவே நாட்டின் மினாஸ் என்னும் ஊரில் 1976ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் பிறந்தவர் அவர். நெடிய உருவமும், தலையால் பந்தை முட்டிக் கோல் போடும் திறமையும் வாய்ந்த முன்னணி ஆட்டக்காரர். அர்ஜென்டினாவில் அவர் ஆடிய ஆட்டத்தைக் கண்டு, 1998இல் ஸ்பெயின் நாட்டின் தெப்போர்திவோ லா கொருன்யா கழகம் அவரை விலைக்கு வாங்கியது. அப்போது அவருக்கு வயது 21.

ஆயினும் அங்கே அவருக்கு நிலையான இடம் கிட்டவில்லை. ஒப்பந்தம் ஸ்பெயினில் இருக்க, ஆள் மட்டும் கடனாகப் பிரேசிலுக்கும், மெக்சிக்கோவுக்கும், அர்ஜென்டினாவுக்கும், தாய்நாட்டுக்கும் அனுப்பப்பட்டார். கால்பந்து உலகில் இது வழக்கமான ஏற்பாடு. எனினும், அனுப்பப்படுகிறவரின் உள்ளம் படும் பாட்டை யார் அறிவார்? 1999–2000ஆம் பருவத்தில் தெப்போர்திவோ தன் வரலாற்றிலேயே ஒரே முறையாக ஸ்பெயின் நாட்டு வாகைப் பட்டத்தைச் சூடியபோது, அப்ரேயு கடலுக்கு அப்பால் மெக்சிக்கோவில் வேறொரு சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார்.

அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. சென்ற இடமெல்லாம் கோல் போட்டார். இஸ்ரயேல், கிரேக்கம் என்று பயணம் நீண்டது. இத்தனை அலைச்சலுக்கிடையிலும் நாட்டின் அணி அவரை மறக்கவில்லை.

2010 ஜூலை 2ஆம் நாள், ஜோகனஸ்பர்க் நகரில் உலகக் கோப்பைக் கால் இறுதி. உருகுவேயும் கானாவும் 1–1 என்று சமநிலையில் நிற்க, வெற்றியைப் பெனால்டி உதைகள் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. உருகுவேயின் ஐந்தாவது உதைக்கு வந்தவர், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய 33 வயது அப்ரேயு. கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, அவரோ பந்தை மெல்லத் தட்டி நடுவே மிதக்கவிட்டார். 40 ஆண்டுகளுக்குப் பின் உருகுவே அரை இறுதிக்குள் நுழைந்தது! 'பித்தன்' என்னும் பொருளுடைய பட்டப்பெயர் அவருக்கு ஏன் வந்தது என்பதை உலகமே அன்று கண்டது. ஆனால், பல நாட்டு மைதானங்களில் பழகிப் பழகி உறுதிப்பட்ட உள்ளத்தின் துணிவு அது என்பதே நம் எண்ணம்.

பின்னர் எக்குவதோர், பராகுவே, எல் சால்வதோர் முதலிய நாடுகளிலும் அவர் ஆடினார். 2017 டிசம்பரில் சிலி நாட்டுக் கழகமொன்றில் சேர்ந்தபோது, அது அவருடைய 26ஆவது கழகம். கின்னஸ் சாதனையும் ஆயிற்று. 2021இல் 44ஆம் வயதில் ஓய்வு பெற்றபோது, 11 நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கழகங்களைக் கண்டிருந்தார்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்பவரை நாம் எதைக்கொண்டு மதிப்பிடுகிறோம்? எத்தனை ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்தார் என்று மட்டும் கேட்பது போதாது. இருந்த நாளெல்லாம் மனமார உழைத்தாரா என்றும் கேட்போம்.