என்பு கூடும்வரை ஒரு துணை

முறிந்த என்பை நேர்ப்படுத்தி அசையாது காத்தால், அது தானே கூடிக்கொள்ளும். சத்திர வைத்தியர் பொருத்தும் தகடும் திருகாணியும் இக்காவற்பணியையே செய்கின்றன. சில மாதங்களின் பின் அவற்றால் ஆவது யாதுமில்லை.

உருக்குத் தகட்டில் இரு குறைகள் உள. ஒன்று, அஃது என்பினும் பத்து மடங்கேனும் விறைப்பானது. ஆதலின் சுமையின் பெரும்பகுதியைத் தானே தாங்கிவிடுகிறது. சுமைக்கேற்பவே என்பு உரம்பெறும் என்பதைச் சேர்மனிய வைத்தியர் யூலியசு வோல்வு 1892-இல் விளக்கினார். சுமையிழந்த என்பு நலியும். மற்றையது, வளரும் பிள்ளைகளிடத்து அத்தகட்டை அகற்றப் பெரும்பாலும் இரண்டாம் முறையும் சத்திர சிகிச்சை வேண்டியுள்ளது.

கடமை முடிந்ததும் தானே கரையும் பொருள் உண்டா? தயிரின் புளிப்புக்குக் காரணமான இலத்திக்கமிலத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலியாய்ப் பிணைத்த பல்பகுதியம் அத்தகையது. குல்கர்ணியும் அவர்தம் குழுவினரும் 1966-இல் இதனைச் சத்திர சிகிச்சைக்கெனப் பரிசோதித்து வெளியிட்டனர். உடலின் நீரால் அது சிதைந்து, ஈற்றில் காபனீரொட்சைட்டும் நீருமாகிறது. எனினும் பெருஞ்சுமை தாங்க அதற்கு உரம் போதாது. சிதையும்போது தோன்றும் அமிலம் அயலிழையங்களை உறுத்தவுங் கூடும்.

என்பின் கனிப்பொருளை ஒத்த கல்சியம் பொசுபேற்று, பீங்கான் இனத்தது. அது விறைப்பானது, அமிலத்தைத் தணிப்பது, ஆயின் எளிதில் உடைவது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். படைபடையாக அடுக்கினால் இன்னும் நன்று. மன்னார்க் கடலின் முத்துச்சிப்பியை நோக்குக. அதன் மினுங்கும் உட்படை நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பங்கு சுண்ணக் கனியமே. ஆயினும், நுண்தட்டுக்களின் இடையே உயிர்ப்பொருட் பசை இருத்தலால், வெடிப்பு நேரே ஓடாது படைதோறும் திசைமாறித் தளர்கிறது.

இவ்வமைப்பைச் செயற்கையில் ஆக்கும் வழியொன்றைக் கலிபோர்ணியாவின் லோறன்சு பேர்க்கிலி ஆய்வுகூடத்தார் 2006-இல் வெளியிட்டனர். பீங்கான் தூள் கலந்த நீரை ஒருபுறமிருந்து உறையவைத்தால், வளரும் பனிக்கட்டித் தகடுகள் தூளைத் தம்மிடையே ஒதுக்கும். பனிக்கட்டியை ஆவியாக்கி, எஞ்சிய படைகளைச் சூளையிற் சுட்டு, இடைவெளிகளிற் பல்பகுதியத்தை நிரப்பலாம்.

எஞ்சியிருக்கும் இடர் காலத்தைப் பற்றியது. படைகள் விரைந்து பிரிந்தால் முறிவு மீண்டும் விலகும். நெடிது நின்றால் உருக்கின் குறையே வந்துசேரும். தகடு இழக்கும் வலிமையும் என்பு பெறும் வலிமையும் ஒத்துச் செல்லல் வேண்டும். இன்று முக என்பு போன்ற சிறுசுமை இடங்களிற் கரையும் தகடுகள் பயன்படுகின்றன. தொடை என்புக்கோ உலோகமே துணை. இவ்விடைவெளியை நிரப்பும் பணி, இரசாயனமும் பௌதிகமும் உயிரியலும் பயிலும் நம் மாணவர்க்கும் உரியதே.