கொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா?

உறவுகளை இழந்த வீடுகளில் "நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்ற கேள்வி இன்னமும் எழுகிறது. கிறிஸ்தவம் இதற்குச் சொல்லும் பதில் பலர் நினைப்பது போன்றதல்ல.

பாவத்தின் வழியாகவே மரணம் உலகுக்கு வந்தது என்பது பவுலின் போதனை. ஆதாமின் குற்றமே எல்லோரையும் தொடர்கிறது என்று மேற்கில் புனித அகுஸ்தினார் விளக்கினார். கிழக்குத் திருச்சபைகளோ, நாம் பெற்றது குற்றத்தை அல்ல, சாகும் இயல்பையே என்கின்றன. எப்படியாயினும் அது மனித குலம் முழுவதற்கும் பொதுவான சாவு. இன்னாருடைய சாவு இன்ன பாவத்துக்கு என்று கணக்குப் பார்க்க அதில் இடமில்லை.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் இதை நேராகவே பேசுகிறது. பலி செலுத்திய கலிலேயர் சிலரை ஆளுநர் பிலாத்து கொன்ற செய்தி இயேசுவிடம் வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? இல்லை என்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைப் பற்றியும் அதையே சொல்கிறார். மனம் மாறும்படி அவர் எச்சரிப்பது, உயிரோடு நின்று கேட்டவர்களைத்தான்.

நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அயலிலும் 1995 யூலை 9 அன்று விமானக் குண்டுவீச்சில் மாண்டவர்களும், இடம்பெயர்ந்து வந்து ஆலயத்தை நம்பித் தங்கியிருந்தவர்களே. அதைக் கடவுளின் தண்டனை என்றால், குண்டு போட்டவர்களின் பொறுப்பு எங்கே போகிறது? யோபுவின் நண்பர்கள் துன்பத்தில் கிடந்தவரிடம் பாவக்கணக்குக் கேட்டார்கள். அந்நூலின் முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மீதே திரும்புகிறது. அவர்களுக்காக யோபுவே மன்றாட வேண்டியிருந்தது.